இராணுவ வாகனத் திருத்துநர் வேலையும் ரக்பியும்: மகனின் படிவத்தில் கையொப்பம் இடலாமா?

கேள்வி: வலிகாமத்து அம்மா

அனைவருக்கும் வணக்கம். மேற்கு இலண்டனில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசித்து வருகிறோம். எங்கள் மூத்த மகனுக்குப் போன மாதம் 17 வயது நிறைந்தது. ஜி.சி.எஸ்.ஈ. பரீட்சையில் கணிதத்திலும் ஆங்கிலத்திலும் நன்றாகவே சித்தியடைந்த பிள்ளை, உயர்தரம் படிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, கல்லூரியில் வாகனப் பராமரிப்புப் பாடநெறியில் சேர்ந்தான். வார இறுதியில் ரக்பி விளையாடுகிறான். பன்னிரண்டு வயதில் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கையில் பந்தைக் கொடுத்ததில் தொடங்கியது. இன்று உள்ளூர்க் கழகத்தின் இளையோர் அணியில் ஹூக்கராக நிற்கிறான். ஸ்க்ரம் என்று சொல்லி எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தோளைக் கொடுத்து முட்டும்போது, முன்வரிசையின் நடுவில் இரு பக்கத்தாரின் தோள்களையும் பிடித்துக்கொண்டு தொங்குபவன் என் பிள்ளைதான் என்று முதல் தடவை விளங்கியபோது, நான் மைதானத்தை விட்டுப் போய்க் காருக்குள் இருந்துவிட்டேன்.

இப்போது அவன் பிரித்தானிய இராணுவத்தில் வாகனத் திருத்துநராகச் சேர விரும்புகிறான். ரீமி என்று சுருக்கமாக அழைக்கப்படும் அரச மின், இயந்திரப் பொறியியல் படையணியில் விரும்பிய தொழிலும் கிடைக்கும், ரக்பியும் கிடைக்கும் என்று சொல்கிறான். 18 வயதுக்குக் குறைந்தவர் என்பதால் பெற்றோரின் சம்மதக் கையொப்பம் வேண்டும். படிவம் பத்து நாள்களாகச் சாப்பாட்டு மேசையில் இருக்கிறது.

என் தயக்கத்தை மறைக்காமல் எழுதுகிறேன். 1995 ஐப்பசி மாதக் கடைசியில் வலிகாமத்திலிருந்து சனங்கள் எல்லாரும் மழைக்குள் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நாவற்குழிப் பாலத்தை அடிக்கணக்கில் நகர்ந்து கடந்த அந்த இரவு இன்னும் என் கால்களில் இருக்கிறது. அதற்கு முன்பும் பின்பும், வீதியில் ஒரு கனரக வாகனத்தின் இரைச்சல் கேட்டால் அது என்ன வாகனம், எந்தத் திசையில் போகிறது என்று அம்மப்பா காதை வைத்தே சொல்லிவிடுவார். நாங்கள் அதன்படி வீட்டுக்குள்ளோ பின்வளவுக்கோ ஓடுவோம். அப்படி வளர்ந்த எனக்கு, இராணுவ வாகனத்தைத் திருத்துவதற்காக என் பிள்ளை சீருடை அணிவது என்பது நினைத்துப் பார்க்கவே கடினமாக இருக்கிறது. இது வேறு நாடு, வேறு படை என்று மகன் பொறுமையாகச் சொல்கிறான். அவன் சொல்வது எனக்கு விளங்காமல் இல்லை.

ஆகவே அந்த வேலையை உள்ளிருந்து அறிந்தவர்களிடம் கேட்க விரும்புகிறேன். இராணுவ வாகனத் திருத்துநர் ஒருவர் நாள் முழுவதும் உண்மையில் என்ன செய்கிறார்? வெளியே வந்தபின் அந்தத் தகைமைக்கு மதிப்பு உண்டா? ரக்பிக்கு அங்கே இடமிருப்பதாகச் சொல்வது ஆள்சேர்ப்புக்கான பேச்சா, உண்மையா? காயம் பட்டால் வேலை என்னவாகும்? யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டும் கால்பந்தும் பார்த்து வளர்ந்த என் கணவருக்கும் எனக்கும் ரக்பியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஊரில் அது கண்டியிலும் கொழும்பிலும் உள்ள பெரிய பாடசாலைகளின் விளையாட்டாகவே எங்கள் காதில் விழுந்திருந்தது.

பதில் 1: பழைய கிராஃப்ட்ஸ்மன்

வணக்கம் தங்கச்சி. நான் 1999இல் 19 வயதில் ரீமியில் வாகனத் திருத்துநராகச் சேர்ந்து, 16 ஆண்டுகள் பணியாற்றி, சார்ஜன்ட் தரத்தில் விலகியவன். இப்போது பேருந்துப் பணிமனை ஒன்றில் இரவுநேரப் பொறுப்பாளராக இருக்கிறேன். உங்கள் மகனைப் போலவே நானும் முன்வரிசையில் விளையாடியவன். என் அம்மாவும் கையொப்பம் இட மறுத்தார். எனக்கு 18 கடந்திருந்ததால் அது தேவைப்படவில்லை. அவரோடு பேசாமல் போன அந்த ஒன்றரை ஆண்டை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் மகன் படிவத்தை உங்கள் முன் வைத்துவிட்டுப் பத்து நாள் காத்திருக்கிறான் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் படையணியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் நடுப்பகுதிவரை வாகனங்களையும் பீரங்கிகளையும் திருத்தும் வேலை பல படையணிகளிடையே சிதறிக் கிடந்தது. திறமையான தொழிலாளர்கள் இராணுவத்தில் வீணடிக்கப்படுகிறார்களா என்று ஆராய்ந்த ஒரு குழு, திருத்தும் வேலை முழுவதையும் ஒரே படையணியின் கீழ்க் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பின்னாளில் இந்நாட்டின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடித்தளமிட்ட வில்லியம் பெவெரிட்ஜ்தான் அந்தக் குழுவின் தலைவர். அதன் விளைவாக 1942 அக்டோபர் 1ஆம் திகதி ரீமி உருவானது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு தொழிலாளியின் கைத்திறனை வீணாக்கக் கூடாது என்ற எண்ணத்திலிருந்தே அந்தப் படையணி பிறந்தது. நல்ல அதிகாரிகளிடம் அந்த எண்ணம் இன்றும் இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

வேலை இரண்டு விதமான இடங்களில் நடக்கும். ஒன்று, ரீமியின் சொந்தப் பட்டாலியன்களின் பணிமனை. மற்றது, ஒரு காலாட்படை அல்லது டாங்கிப் படையோடு ஒட்டியே வாழும் சிறிய திருத்துநர் பிரிவு, அதை எல்.ஏ.டி. என்று அழைப்பார்கள். நான் பெரும்பாலும் இரண்டாவது வகையிலேயே இருந்தேன். காலையில் உடற்பயிற்சி, அதன்பின் பணிமனை. லாண்ட் ரோவர், மான் லொறி, வாரியர் கவச வாகனம், நான் பிறப்பதற்கு முன்பே படையில் சேர்ந்துவிட்ட 432 என்னும் பழைய சங்கிலிச் சக்கர வாகனம் என்று எது வந்தாலும் பார்க்க வேண்டும். சலஞ்சர் 2 டாங்கியின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் 1200 குதிரைவலு கொண்டது. எஞ்சினும் கியர் பெட்டியும் குளிர்விப்பான்களும் சேர்ந்த முழுத் தொகுதியை மீட்பு வாகனத்தின் கிரேனால் ஒரேயடியாகத் தூக்கி, புதியதை உள்ளே இறக்குவார்கள். அதைப் பணிமனையின் சீமெந்துத் தரையில் செய்வது ஒரு வேலை. சோல்ஸ்பரிச் சமவெளியின் சேற்றில், மழைக்குள், வெளிச்சம் வெளியே தெரியாதபடி சிறு விளக்கை வாயில் கவ்விக்கொண்டு செய்வது முற்றிலும் வேறு வேலை.

2001இல் ஓமான் பாலைவனத்தில் நடந்த பெரிய கூட்டுப் பயிற்சியில் டாங்கிகளின் காற்று வடிகட்டிகள் சில மணி நேரத்திலேயே தூசியால் அடைபட்டுப் போயின. மாவு போன்ற தூசி அது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் நீர்போல் வழியும். வடிகட்டியைக் கழற்றுவதும் மாற்றுவதுமாகவே எங்கள் நாள்கள் போயின. அங்கே கற்ற பாடத்தால்தான் 2003இல் ஈராக்குக்குப் போன டாங்கிகளுக்குத் தூசித் தடுப்பு ஏற்பாடுகள் செய்யப்பட்டன.

ஈராக் என்று எழுதிவிட்டேன். அதையும் நேராகச் சொல்கிறேன். இது சீருடை போட்ட கராஜ் வேலை அல்ல. திருத்துநரும் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற படைவீரர்தான். படை போகும் இடத்துக்கு அவரும் போவார். ஒரு வாகனம் அபாயமான இடத்தில் நின்றுவிட்டால் அதை எடுத்துவரப் போகிறவர்களில் அவரும் ஒருவர். 18 வயது நிறையாதவரைப் போர்முனைக்கு அனுப்புவதில்லை என்பது இந்நாட்டின் கொள்கை. அதன்பின் அந்தப் பாதுகாப்பு இல்லை. இதை ஏற்றுக்கொள்ள முடியாவிட்டால் கையொப்பம் இடாதீர்கள். அதில் தவறே இல்லை.

ரக்பி விடயத்தில் உங்கள் மகன் சொல்வது உண்மை. புதன்கிழமை பிற்பகலை விளையாட்டுக்கு ஒதுக்குவது இராணுவத்தின் நீண்டகால வழக்கம். நான் ஒரு புதிய முகாமுக்குப் போன முதல் வாரத்திலேயே, என் பெயரைக் கேட்பதற்கு முன் எந்த இடத்தில் விளையாடுவாய் என்று கேட்டார்கள். நிறத்தையும் பெயரையும் வைத்து என்னை எட்ட நின்று பார்த்த சிலர், முதல் ஆட்டத்துக்குப் பிறகு என்னோடு தேநீர் குடித்தார்கள். அந்த அளவுக்கு அது கதவு திறக்கும்.

ஆனால் அந்தக் கதவுக்கு அப்பால் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு புதன்கிழமை ஆட்டத்தில் என் வலது கையின் நடுவிரல் மூட்டு விலகியது. மைதான ஓரத்தில் இழுத்து நேராக்கி, பக்கத்து விரலோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றிவிட்டார்கள். மறுநாள் காலை ஒரு வாரியரின் டீசல் குழாய் இணைப்பை மாற்ற வேண்டியிருந்தது. அந்த நட்டைக் கண்ணால் பார்க்க முடியாது. எஞ்சின் அறைக்குள் முழங்கைவரை கையை நுழைத்து, விரல் நுனியால் மரையின் தொடக்கத்தைத் தேடி, முதலில் பின்பக்கமாகச் சிறிது திருப்பி, மெல்லிய ஒரு ‘டிக்’ விழுந்ததை உணர்ந்த பிறகே முன்பக்கம் திருப்ப வேண்டும். வீங்கிய, நாடா சுற்றிய விரலுக்கு அந்த ‘டிக்’ தெரியவில்லை. நட் சுலபமாகவே ஏறுவதுபோல் இருந்தது. ஒன்றரைச் சுற்றில் இறுகியது. ஸ்பானரைப் போட்டு இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மரை குறுக்காகப் பிடித்துக்கொண்டது என்பது அப்போதுதான் விளங்கியது. கசியாமல் இருக்கலாம், வேலையட்டையில் கையொப்பமிட்டு அனுப்பிவிடலாம் என்ற எண்ணம் ஒரு நிமிடம் வந்தது. கொதிக்கும் எஞ்சினின் மேல் டீசல் சொட்டினால் உள்ளே பத்துப் பேர் இருப்பார்கள். நான் போய் என் சார்ஜன்டிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இந்த விரலோடு நீ ஏன் ஸ்பானரைத் தொட்டாய்?” என்று மட்டும் கேட்டார். பழுதான குழாயையும் இணைப்பையும் அவரே கழற்றிப் புதியதைப் பூட்டினார். வண்டி ஒரு நாள் பிந்திப் போனது.

திருத்துநரின் கருவிப்பெட்டியில் முதல் கருவி விரல்தான் தங்கச்சி. ரக்பியில் முதலில் அடிபடுவதும் அதுதான். இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

இன்னொரு மனக்குறையும் உண்டு. ஒரு முகாமில் இரண்டு பருவங்களாக அணியில் நன்றாக விளையாடினேன். பயிற்சி முகாம், வெளியூர் ஆட்டம் என்று அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். எனக்கும் அது இனித்தது. அந்தக் காலத்தில் தொழிலில் அடுத்த வகுப்புக்கு உயர்வதற்கான பாடநெறி எனக்கு இரு தடவை தள்ளிப்போடப்பட்டது. நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. ஆண்டறிக்கையில் என் ரக்பியைப் பற்றி நான்கு வரி, என் தொழிலைப் பற்றி ஒன்றரை வரி. பதவி உயர்வுக் குழு அந்த ஒன்றரை வரியைத்தான் வாசிக்கும். என்னோடு சேர்ந்தவர்கள் கோப்ரல் ஆகி, சார்ஜன்ட் ஆகி, ஆர்ட்டிஃபிசர் என்னும் உயர்நிலைத் தொழில்நுட்பப் பயிற்சிக்குத் தெரிவானபோது, நான் ஒரு படி கீழேயே நின்றேன். பிறகு முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்தது. அறுவைச் சிகிச்சை, பத்து மாத மீட்சி. மருத்துவத் தரம் குறைக்கப்பட்டதால் படையோடு வெளிநாடு போக முடியவில்லை. அந்தப் பத்து மாதத்தில்தான் விட்டுப்போன பாடங்களை எல்லாம் படித்து முடித்தேன் என்பது வேறு கதை.

பதில் 2: லெஸ்டர் நடுவர்

அண்ணா எழுதியதற்கு மேல் வேலையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சமூக மட்ட ரக்பி நடுவராகப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன்.

இராணுவமும் கடற்படையும் முதன்முதலில் ரக்பியில் மோதியது 1878இல். இராணுவ ரக்பிச் சங்கம் 1906இல் தொடங்கப்பட்டது. 1907 முதல் இரு படைகளும் ஆண்டுதோறும் மோதுவது வழக்கமாயிற்று. 1920இல் விமானப்படையும் சேர்ந்துகொண்டது. வசந்த காலத்தில் ட்விக்கன்ஹாமில் நடக்கும் இராணுவ, கடற்படை ஆட்டத்துக்குச் சில ஆண்டுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் பெண்கள் அணிகளும் அதே நாளில் மோதுகின்றன. மேற்கு இலண்டனில்தானே இருக்கிறீர்கள் அக்கா, ஒரு தடவை குடும்பமாகப் போய்ப் பாருங்கள். உங்கள் மகன் எதைக் கண்டு மயங்குகிறான் என்பது அங்கே தெரியும்.

அந்த அணிக்குப் போகும் ஏணி மூன்று படிகள் கொண்டது: முதலில் தான் பணியாற்றும் பிரிவின் அணி, பிறகு படையணியின் அணி, அதற்கும் மேலே இராணுவ அணி. பிரிவு அணியில் ஆர்வமுள்ள எவருக்கும் இடம் கிடைக்கும். ரீமி அணியில் இடம் பிடிப்பது கடினம். இராணுவ அணிக்குப் போவதென்றால், பிறந்தது முதல் பந்தோடு வளர்ந்த ஃபிஜி நாட்டுச் சிப்பாய்களோடு போட்டியிட வேண்டும். ஃபிஜியில் பிறந்து, ராயல் ஸ்கொட்ஸ் ட்ரகூன் காட்ஸ் படைப்பிரிவில் சேர்ந்து, ஆப்கானிஸ்தானில் பணியாற்றி, பாத் கழகத்துக்கும் 2014இல் இங்கிலாந்துக்கும் ஆடிய செமேசா ரொகொடுகுனியைப் பற்றி உங்கள் மகன் நிச்சயம் அறிந்திருப்பான். அது ஆயிரத்தில் ஒருவருக்கு அமைவது. கட்டாய இராணுவ சேவை இருந்த 1950களில் நாட்டின் சிறந்த இளம் வீரர்கள் பலர் சீருடையில் இருந்தார்கள். 1995இல் ரக்பி யூனியன் தொழில்முறை விளையாட்டாக மாறிய பிறகு, உச்சத்துக்குப் போகிறவர்கள் பதினாறு வயதிலேயே கழகங்களின் பயிற்சிக்கூடங்களுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே ரக்பியில் பெயர் எடுப்பதற்காக இராணுவத்தில் சேர வேண்டாம். வாழ்நாள் முழுவதும் நல்ல தரத்தில், நல்ல கூட்டாளிகளோடு விளையாட வேண்டும் என்றால் அதைவிடச் சிறந்த இடம் குறைவு.

தலையில் அடிபடுவது பற்றி நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே அந்த ஆட்டத்திலிருந்து வெளியேற வேண்டும். குறைந்தது 21 நாள்கள் கழியாமல், அதிலும் கடைசி இரு வாரங்கள் அறிகுறி ஏதுமில்லாமல், போட்டி ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது என்பது இந்நாட்டின் சமூக மட்ட விளையாட்டுகளுக்கான வழிகாட்டல். ஹூக்கராக நிற்கும் பிள்ளை கழுத்துத் தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சியை ஒருநாளும் விடக் கூடாது.

பதில் 3: கனரகக் கைகள்

வணக்கம் அன்ரி. நான் 26 வயதுப் பெண். சௌதாம்ப்டன் பக்கத்தில் கனரக வாகனத் திருத்துநராக வேலை செய்கிறேன். பாடசாலை முடித்தவுடன் ஒரு லொறிப் பணிமனையில் மூன்று ஆண்டுத் தொழிற்பயிலுநராகச் சேர்ந்து, மூன்றாம் நிலைத் தகைமை பெற்றேன். உங்கள் மகன் ரீமியில் சேர்ந்தாலும் இதற்கு இணையான தொழிற்பயிற்சிச் சான்றிதழே கிடைக்கும். எங்கள் பணிமனையில் ரீமியிலிருந்து வந்தவர்கள் இருவர் இருக்கிறார்கள். கேட்ட உதிரிப்பாகம் வராவிட்டால் நாங்கள் காத்திருப்போம். அவர்கள் பழையதைக் கழற்றி மேசையில் வைத்து, எதைக் கொண்டு இதை இன்று இரவுவரை ஓடவைக்கலாம் என்று யோசிப்பார்கள். அந்தப் பழக்கத்தை எந்த வகுப்பறையாலும் கற்றுக்கொடுக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. லொறி, பேருந்துத் திருத்துநர்களுக்கு இந்நாட்டில் வேலை இல்லாமல் போவதில்லை என்பதையும் உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் நடுவழி ஒன்றும் உண்டு என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இராணுவத்தின் பகுதிநேரப் படையிலும் ரீமி பிரிவுகள் இருக்கின்றன. வாரநாள்களில் வெளியே வேலை, மாலைகளிலும் சில வார இறுதிகளிலும் பயிற்சி, ஆண்டுக்கு ஒரு தடவை இரு வார முகாம். நான் அப்படித்தான் நான்கு ஆண்டுகள் இருந்தேன். வீட்டைவிட்டுப் போகாமல், அந்த வாழ்க்கை தனக்குப் பொருந்துமா என்று பார்க்க விரும்பும் ஒருவருக்கு அது நல்ல வழி. 18 நிறையட்டும், வெளியே தொழிற்பயிலுநராகச் சேரட்டும், பகுதிநேரப் படையில் கால் வைத்துப் பார்க்கட்டும், உள்ளூர்க் கழகத்திலேயே ரக்பியும் தொடரட்டும் என்று நீங்கள் சொல்லிப் பார்க்கலாம். அவன் மறுக்கவும் கூடும். 17 வயதில் யாராவது எனக்கு இப்படிச் சொல்லியிருந்தால் நானும் மறுத்திருப்பேன். என்றாலும் வழி இருக்கிறது என்று அவன் அறிந்துகொண்டு மறுக்கட்டும்.

வலிகாமத்து அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அண்ணாவின் விரல் கதையைத் தமிழில் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். விளங்காத இடங்களைக் கணவர் ஆங்கிலத்தில் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு, அந்த ஒன்றரைச் சுற்று என்ற இடத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு, தங்கச்சி சொன்ன நடுவழியைப் பற்றியும் பேசினோம். அதைப் பற்றி யோசிப்பதாகச் சொன்னானே தவிர முகத்தில் பெரிய மலர்ச்சி இல்லை.

நானும் ஒரு கேள்வி கேட்டேன். நாளைக்கே முழங்கால் போய், இனி ரக்பி விளையாடவே முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டால், மீதி மூன்று நான்கு ஆண்டுகள் வெறும் சேறும் டீசலும் துப்பாக்கிக் காவலும்தான் என்றால், அப்போதும் அங்கே இருப்பாயா என்றேன். உடனே பதில் சொல்லவில்லை. மறுநாள் காலை அப்பாவின் வானின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். பிரேக் பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறது என்று கணவர் இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பனி கொட்டும் குளிரில், கையுறை இல்லாமல், கலிப்பரின் வழுக்கும் ஊசிகளைத் துருவெடுத்துக் கிரீஸ் பூசி மாற்றினான். இரண்டரை மணி நேரம். முடிந்தபின் சிறிய குறிப்புப் புத்தகம் ஒன்றில் திகதியையும், வான் ஓடிய மைல் கணக்கையும், செய்த வேலையையும் எழுதிக் கீழே கையொப்பமிட்டான். அப்படி ஒரு புத்தகம் அவனிடம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தேன். பதினைந்து வயதிலிருந்து எழுதியிருக்கிறான், எங்கள் புல்வெட்டும் இயந்திரம் உட்பட. ரக்பி ஆட்டங்களைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பிறகு வந்து, “அம்மா, இருப்பேன்” என்றான்.

அம்மப்பாவின் காதை நினைத்துக்கொண்டேன். என் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். சேர்ந்தபின் எவ்வளவு காலம் கட்டுப்பட்டிருக்க வேண்டும், இடையில் மனம் மாறினால் விலகலாமா, மருத்துவப் பரிசோதனைக்கு முன் நாங்கள் ஆயத்தப்படுத்த வேண்டியது என்ன என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆட்டத்தில் அவனுடைய இடது தோள் அடிபட்டு ஆறு வாரம் விளையாடாமல் இருந்தான். அதைச் சொல்ல வேண்டாம், தெரிவாகாமல் போய்விடும் என்று கழகத்தில் ஒரு பையன் அவனுக்குச் சொல்லியிருக்கிறான்.

பதில் 4: பழைய கிராஃப்ட்ஸ்மன்

தங்கச்சி, அந்தக் குறிப்புப் புத்தகத்தை அவன் பத்திரமாக வைத்திருக்கட்டும். தெரிவு நேர்முகத்தில் ஏன் இந்தத் தொழில் என்று கேட்பார்கள். அதற்கு அதைவிட நல்ல பதில் அவனிடம் இருக்க முடியாது.

காலம் பற்றி: 18 வயது நிறையும்வரை, உரிய அறிவித்தல் கொடுத்துவிட்டு விலகும் உரிமை அவனுக்கு உண்டு. நிறைந்த பிறகு, அந்தப் பிறந்தநாளிலிருந்து எண்ணி நான்கு ஆண்டுகளாவது பணியாற்ற வேண்டும். விலகுவதற்கு 12 மாத அறிவித்தல் கொடுக்க வேண்டும். பயிற்சி நீண்ட தொழில்களுக்கு மேலதிகக் காலம் கேட்கப்படலாம் என்பதால், அவனுடைய தொழிலுக்கு இன்று என்ன நிபந்தனை என்பதை ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்.

அவன் வயதில் சேர்பவர்கள் பெரும்பாலும் ஹரோகேட்டில் உள்ள இராணுவக் கல்லூரியில் அடிப்படைப் பயிற்சி பெறுவார்கள். அதன்பின் தொழிற்பயிற்சி வில்ட்ஷயரில் உள்ள லைனெமில் நடக்கும். நான் படித்தது போர்டனில். அந்தப் பயிற்சிக்கூடம் 2015இல் லைனெமுக்கு மாற்றப்பட்டது. முன்பு ஹெர்குலிஸ் விமானங்கள் நின்ற விமானப்படைத் தளம் அது. ரீமியின் அருங்காட்சியகமும் இப்போது அங்கேயே இருக்கிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கலாம். இலண்டனிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கணவரையும் அழைத்துக்கொண்டு ஒருநாள் போய்வாருங்கள். அங்கே வெட்டிவைத்த எஞ்சின்களுக்கு முன்னால் உங்கள் மகன் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பதையும் பார்த்துக்கொள்ளலாம்.

உயர்வதற்கான வழி பற்றி ஒரு வார்த்தை. கிராஃப்ட்ஸ்மன் என்ற தரத்தில் தொடங்குவான். தொழிலில் அடுத்த வகுப்புக்கான பாடநெறி எப்போது என்று ஒவ்வோர் ஆண்டும் தானாகவே போய்க் கேட்க வேண்டும். அந்தத் திகதி ஓர் ஆட்டத்தோடு மோதினால் பாடநெறிக்கே போக வேண்டும், அது இறுதியாட்டமாக இருந்தாலும் சரி. நான் செய்யாததை அவன் செய்யட்டும். ஆர்ட்டிஃபிசராக உயர்ந்தவர்கள் வெளியே வரும்போது பொறியியல் தொழில்நுட்பவியலாளராகவோ அதற்கு மேலாகவோ பதிவு பெற்று வருகிறார்கள். வெளியே வருபவர்களுக்குப் படிப்புச் செலவில் உதவியும், வேலை தேடுவதற்கான ஏற்பாடுகளும் உண்டு; நான் கனரக வாகனப் பரிசோதனைக்கான தகைமையை அந்த உதவியால்தான் பெற்றேன்.

இனித் தோள். அந்தப் பையன் சொன்னதை அவன் கேட்கவே கூடாது. குடும்ப வைத்தியரின் பதிவுகளை அவர்கள் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். அதில் இருப்பதை மறைத்ததாகத் தெரிந்தால், காயத்தைவிட அந்த மறைப்பே அவனை வெளியே அனுப்பும். மூட்டு விலகியதா, தசை மட்டும் அடிபட்டதா என்பது முக்கியமான வேறுபாடு. விலகியிருந்தால் பல சமயம் தடையாகும், அல்லது மேலும் பரிசோதனை கேட்பார்கள். ஆகவே விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் வைத்தியரிடம் போய் அந்தப் பதிவின் பிரதியை வாங்குங்கள். எக்ஸ்ரே எடுத்திருந்தால் அதன் அறிக்கை, இயன்முறைச் சிகிச்சைக்குப் போயிருந்தால் அதன் கடைசிக் கடிதம், மீண்டும் விளையாடத் தொடங்கிய திகதி ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து ஒரு உறையில் வையுங்கள். தலையில் அடிபட்ட சம்பவம் ஏதும் இருந்தால் அதையும் அப்படியே சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு உங்களுக்கு நேரம் இருந்தால் அந்த ஆவணங்களோடு என்னை அழையுங்கள். என் எண்ணைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். இரவு வேலை என்பதால் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு எடுத்தால் விழித்திருப்பேன்.